தாயம்மா பிடித்த தலைகள்

தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்புறத் தெருக்களில் ஒரு குழந்தையின் தலை உருண்டையாக அழகாக இருந்தால், தாயம்மா பிடித்துவிட்ட தலை என்று சொல்வார்கள். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து விடிந்ததும் நடந்து வந்து, ஏழு வீடுகளில் கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டிவிட்டுப் போவாள். நீட்டிய கால்களின் மேல் பிள்ளையைக் கிடத்தி, வெந்நீர் ஊற்றி, நெற்றியையும் பிடரியையும் உள்ளங்கையால் அழுத்தி உருட்டுவாள். வீட்டுக்காரர்கள் முன்னால் குனிந்தே நிற்கிறவள், தான் பிடித்துவிட்ட பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் நிமிர்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் பாத்திரக்கடை கருணாகரனுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. முன்னும் பின்னும் நீண்டு, இரு பக்கமும் ஒடுங்கிய தலை. உதவிக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அவருடைய அக்காள் தங்கபுஷ்பம், நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். தாயம்மாவும் தினமும் பிடித்தாள். மற்றப் பிள்ளைகளின் தலை கைக்குக் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். இது கொடுக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு நாள் எண்ணெய் வைக்கும்போது அவள் விரல் நின்றுவிட்டது. உச்சிக்குழி இருக்க வேண்டிய இடத்தில் குழி இல்லை. நடுமண்டையில் முன்னிருந்து பின்னாக எலும்பு வரப்புபோல் மேடிட்டிருந்தது. தன் கைதான் அழுத்தி அழுத்தி மூடிவிட்டது என்று நினைத்தாள். பத்து நாள் யாரிடமும் சொல்லாமல், தலையை அழுத்தாமல், குளிப்பாட்டி மட்டும் விட்டாள். பதினோராம் நாள், பிள்ளையின் தாய் சரோஜாதேவியின் விரலைப் பிடித்து அந்த மேட்டின்மேல் வைத்தாள்.

"இன்னாமோ கீதும்மா. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

தங்கபுஷ்பமும் தடவிப் பார்த்தாள். "பச்சப்புள்ள மண்டையப் போட்டு அமுக்குனா என்னளா ஆவும்? ஒன் கைதான் கெடுத்துருக்கு."

அழுத்தச் சொன்னது யார் என்று தாயம்மா திருப்பிக் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. ஒரே வாரத்தில் ஐந்து வீடுகள் அவளை நிறுத்திவிட்டன.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சரோஜாதேவி அவளையும் கூட்டிப் போனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். குழந்தையின் மண்டையோடு பல துண்டுகளாக இருக்கும். மூளை வளர வளர அந்த இடுக்குகள் விலகிக் கொடுக்கும். இந்தப் பிள்ளைக்கு நடு இடுக்கு காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கே ஒரு பட்டை எலும்பை வெட்டி எடுக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் செய்தால் நல்லது, ரத்தம் போவதுதான் பயம் என்றார்.

எல்லோரும் எழுந்த பிறகும் தாயம்மா நகரவில்லை.

"நான் அமுக்குனதாலயா டாக்டரே?"

"இல்லம்மா. வயித்துக்குள்ளயே ஒட்ட ஆரம்பிச்சிருக்கும். கையால இது வராது."

"அப்ப மத்த புள்ளைங்களுக்குத் தல அழகா வந்துச்சே?" என்றாள்.

டாக்டர் தயங்கினார். "அது தானாவே சரியாயிடும்மா. நீங்க அமுக்காட்டியும் வந்திருக்கும்."

திரும்பும் வழியில், பழி நீங்கியதே என்று கருணாகரன் ஆறுதல் சொன்னார். நீங்கியதுதான். இருபது வருஷப் பேரும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

ஐந்தாம் மாதம் ஆபரேஷன் நடந்தது. கருணாகரன் ரத்தம் கொடுத்தார். தலை முழுக்கக் கட்டோடு, முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்த பிள்ளை நான்காம் நாள் பால் குடித்தது.

தையல் ஆறியதும் சரோஜாதேவி சொல்லி அனுப்பினாள். தாயம்மா வந்து பிள்ளையைக் காலில் கிடத்தினாள். எலும்பு எடுத்த இடத்தில் தோலுக்கடியில் துடிப்பது தெரிந்தது. தண்ணீரைக் கையில் வாங்கி வாங்கி விட்டாள். நெற்றியையாவது கொஞ்சம் பிடித்துவிடும்படி சரோஜாதேவி கேட்டாள்.

"வேணாம்மா. அது தானா வரும்."

பிறகு மற்ற வீடுகளும் மெல்லக் கூப்பிட்டன. எங்கேயும் அவள் தலையை அழுத்தவில்லை. வெறும் தண்ணீர் ஊற்ற இவள் எதற்கு என்று இரண்டு வீடுகள் மறுபடியும் நிறுத்தின. ஆனால் எந்தப் புதுப்பிள்ளையானாலும் முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு, உச்சியிலிருந்து பிடரிவரை விரலால் தடவிப் பார்ப்பாள். அடுத்த ஆறு வருஷத்தில் மூன்று பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். இருவருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீணாகப் பயமுறுத்தினாள் என்று அந்த வீடுகளில் திட்டினார்கள், நின்று கேட்டுக்கொண்டாள். மூன்றாவது பிள்ளைக்கு நாலாம் மாதத்திலேயே ஆபரேஷன் ஆனது.