கறுத்த கொலுசு

என் கணவர் ஒரு நகைக்கடையில் வெள்ளிப் பிரிவில் விற்பனையாளராக இருந்தார். பல்கலைக்கழகத்தில் யாராவது கேட்டால் "பிசினஸ்ல இருக்காங்க" என்று சொல்லிவிடுவேன். அவர் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவர். நான் வேதியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். தாய்மாமன் மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே அவரை மாமா என்று கூப்பிட்டுப் பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகும் அதுவே தங்கிவிட்டது.

வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ஆய்வுக்கூடம் சிதம்பரத்தில். ரயில் பாதையை அகலப்படுத்துவதற்காகத் தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டிருந்த வருஷங்கள் அவை. அதனால் தினமும் பஸ்தான். காலையில் மகளை அடுத்த தெருவில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு ஓடுவேன். சில நாள் புதுச்சத்திரம் வரை நின்றுகொண்டே போவேன். அங்கே யாராவது இறங்கினால் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து முந்தைய நாள் கணக்குகளைப் பார்ப்பேன்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அங்க அப்படி என்னதான்மா செய்யிற?"

நான் எரிபொருள் கலத்தைப் பற்றிச் சொன்னேன். ஹைட்ரஜனை உள்ளே விட்டால் மின்சாரமும் தண்ணீரும் வெளியே வரும். அதற்கு உள்ளே பிளாட்டினம் வேண்டும். ஹைட்ரஜன் பிளாட்டினத்தின் மேல் வந்து உட்கார்ந்துதான் பிரியும். ஆனால் மலிவாகத் தயாரிக்கிற ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் கலந்தே வரும். அது முந்திக்கொண்டு பிளாட்டினத்தில் ஒட்டிக்கொள்ளும், லேசில் எழுந்திருக்காது.

"பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிக்கிறாப்புல" என்றார்.

"ஆமா மாமா."

"அப்ப துண்ட எடுத்து வெளிய போட ஒரு ஆளு வேணும்."

"அதுக்குத்தான் ருத்தேனியம்னு ஒரு உலோகத்தப் பக்கத்துல சேர்க்கிறோம்."

அவர் தலையாட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். என் ஆய்வை அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டவர் எங்கள் துறையிலேயே இல்லை. அதை அப்போது அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

பிளாட்டினத்தோடு ருத்தேனியமும் கொஞ்சம் டங்ஸ்டன் ஆக்சைடும் சேர்த்து நான் செய்த வினையூக்கி, சுத்தமான ஹைட்ரஜனில் நன்றாக வேலை செய்தது. கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவைக் கொடுத்தால் மின்னோட்டம் கொஞ்சம் இறங்கி ஓரிடத்தில் நிற்க வேண்டும். அது நிற்கவில்லை. நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது. மறுபடி சுத்தமான ஹைட்ரஜனுக்கு மாற்றினாலும் பாதிதான் மீண்டது. புதிது புதிதாகச் செய்து பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி செத்தன.

என் வழிகாட்டி ஐம்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசமாட்டார். ஒன்றரை வருஷ அளவீடுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "ருத்தேனியம் கரைஞ்சு போகுது போலிருக்கு. அதையே எழுது" என்றார். எழுதினேன். ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியும் விட்டோம்.

அந்தக் கட்டுரை போயிருந்த சமயத்தில்தான் மகளுக்குத் திருவந்திபுரத்தில் மொட்டை போடுவதாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குளிப்பாட்டிப் பாவாடை கட்டிவிட்டு, பீரோவில் இருந்த அவள் கொலுசை எடுத்தேன். தொலைந்துவிடக் கூடாதென்று இரண்டையும் சேர்த்து ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருந்தேன். ரப்பர் பட்ட இடமெல்லாம் மை பூசினது போலக் கறுத்திருந்தது.

"யாரு ரப்பர் பேண்டு போட்டது?" என்றார் அவர்.

"நான்தான்."

"வெள்ளிகிட்ட ரப்பர் வரவே கூடாதும்மா. கடையில சேர்ந்த மொத நாளே அதான் சொல்லிக்குடுப்பாங்க. பொட்டிக்குள்ள ரப்பர் கெடந்தாலே போதும், தொடாமலே கறுத்துப் போவும்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளியைக் கறுக்க வைப்பது ரப்பரில் இருக்கும் கந்தகம். அது எனக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே தெரியும். கந்தகம் பட்டால் பிளாட்டினம் என்னவாகும் என்பதும் தெரியும். கார்பன் மோனாக்சைடாவது ஒரு நாள் எழுந்து போகும், கந்தகம் எளிதில் போகாது. சுத்தமான ஹைட்ரஜன் எங்கள் கலத்துக்கு எஃகுக் குழாய் வழியாக வந்தது. கலப்பு வாயு சிலிண்டரை மட்டும் மூலையில் வைக்க இடமில்லாமல் தள்ளி வைத்திருந்தோம். அதிலிருந்து வந்தது சிவப்பு ரப்பர் குழாய். முதல் வருஷத்தில் நானே மாட்டியது.

என் முகத்தைப் பார்த்து, கொலுசுக்காக வருத்தப்படுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். "தேய்ச்சா போயிடும், உடு" என்று பூந்திக்கொட்டையை ஊறப்போட்டார். மொட்டை போட்டு முடிக்கும் வரை எனக்கு அந்தச் சிவப்புக் குழாய்தான் கண்ணில் நின்றது.

அன்று மாலை அவரிடம் ஒரு வெள்ளித் துண்டு கேட்டேன். காரணம் கேட்காமல், தன் விரலில் இருந்த பழைய வளைய மோதிரத்தைக் கழற்றி, அறுந்த வெள்ளிச் சங்கிலித் துண்டு ஒன்றையும் சேர்த்துப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார். அடுத்த நாள் மோதிரத்தை அந்த ரப்பர் குழாய்க்குள் தள்ளி, ஈரப்படுத்திய கலப்பு வாயுவை ஓடவிட்டேன். புதன்கிழமை எடுத்தபோது மோதிரம் பழுப்பேறியிருந்தது. அதே வாயுவில் ரப்பர் குழாயில்லாமல் வைத்துப் பார்த்த சங்கிலித் துண்டு அப்படியே இருந்தது.

வழிகாட்டியின் மேசையில் இரண்டையும் வைத்தேன். அவர் எழுந்து வந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"யார் மாட்டினது?"

"நான்தான், மேடம்."

"நானும் தினம் பார்த்துட்டுத்தானே இருந்தேன்" என்றார். பிறகு கணினி முன் உட்கார்ந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அவரே கடிதம் அடித்தார். எனக்கு ஒரு வார்த்தை திட்டு விழவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். பஸ் ஸ்டாண்டில் என் கணவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்ளோ நாள் வேலை போச்சு?"

"ஒன்றரை வருஷம்."

"நான் வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்."

"இல்ல மாமா. அப்ப தப்பானத எழுதி அச்சாயிருக்கும். என் பேர்ல நின்னுருக்கும்."

"வெள்ளி விக்கிறவன் சொல்லித்தான் கண்டுபுடிச்சேன்னு உங்க டிபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்குத் தெரிஞ்சா சிரிப்பாரு" என்றார். "அன்னிக்கு உனக்குச் சாப்பாடு கொண்டாந்தேன்ல, கேட்டாரு. பிசினஸாமே, கடை எங்க இருக்குன்னு."

நான் நின்றுவிட்டேன். "நீங்க என்ன சொன்னீங்க?"

"இனிமேதான் வைக்கணும்னேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. மகளைத் தோள் மாற்றிக்கொண்டு, "வா, பாப்பாவுக்குப் பசிக்கும்" என்றார். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவர் கையிலிருந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

கந்தகம் இல்லாத டெஃப்லான் குழாய் மாட்டி எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். அந்தப் பத்து மாதம் காலைச் சமையல் அவருடையது. கரண்ட் கட்டில் பாதியில் நின்றுபோன அளவீடுகளைத் திரும்ப எடுக்க சனிக்கிழமைகளிலும் போனேன். இந்த முறை மின்னோட்டம் இறங்கியது, பிறகு நின்றது. நின்ற இடத்திலேயே நூறு மணி நேரம் இருந்தது. ருத்தேனியத்தின் மேல் வீண்பழி போட்டிருந்தோம். பெரிய கண்டுபிடிப்பு என்று எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கோடு நேராக ஓடியதைப் பார்த்தபோது, வழிகாட்டி என் தோளில் கை வைத்தார். கந்தகத்தால் கெட்ட வினையூக்கிகளைத் தூக்கிப் போடாமல், எவ்வளவு மீட்க முடிகிறது என்று பார்த்துத் தனி அத்தியாயமாக எழுதினோம்.

வாய்மொழித் தேர்வு, கடலூரைப் புரட்டிப் போட்ட ‘தானே’ புயலுக்குச் சில மாதம் முன்பு நடந்தது. அதற்குள் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. என் கணவர் லீவு போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் என்னோடு வந்தார். அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கந்தக அத்தியாயத்தில் நிறுத்தினார்.

"குழாய் மேல எப்படிம்மா சந்தேகம் வந்தது?"

"என் கணவர் சொன்னதுல இருந்து வந்தது, சார். நகைக்கடையில வெள்ளி செக்‌ஷன்ல சேல்ஸ்மேனா இருக்காங்க. வெள்ளிகிட்ட ரப்பர் வரக்கூடாதுன்னு அவுங்களுக்குத் தெரியும்."

"வந்திருக்காரா?"

அவர் எழுந்து நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "சும்மா பேச்சுவாக்குல சொன்னது சார்" என்றார். தேர்வாளர் தன் பேனாவை மூடி வைத்துவிட்டு அவருக்கு வணக்கம் சொன்னார்.

பைண்டு செய்த ஆய்வேடு ஒரு பிரதி வீட்டுக்கு வந்தபோது, மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடப் புத்தகங்களும் வந்திருந்தன. அவர் தரையில் பிரவுன் பேப்பரை விரித்து ஒவ்வொன்றாக அட்டை போட்டுக்கொண்டிருந்தார். மகளுடைய கணக்குப் புத்தகம் முடிந்ததும் என் ஆய்வேட்டை எடுத்தார். மூலைகளை மடித்து, மடிப்பை விரலால் அழுத்தி, லேபிள் ஒட்டினார். பில் எழுதிப் பழகிய குண்டுக் கையெழுத்தில் என் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"சப்ஜெக்ட்டுன்னு போட்டிருக்கே. என்னான்னு எழுத?"

"வேதியியல்னு எழுதுங்க மாமா."

எழுதினார். மை காயும் வரை ஊதினார்.