கண்மாய் மீனும் கல்லல் ஃப்ரிட்ஜும்

காரைக்குடியில் முப்பது வருஷமாக ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் அசடு வழிந்த கதை ஒன்றைச் சொல்கிறேன்.

கல்லல் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். கண்மாயில் மீன்பிடி முடிந்த மறுநாள் காலை அந்த வீட்டு லட்சுமி அக்கா போன் செய்தார். "தம்பி, ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சு. உள்ள பூரா மீனு. வெரசா வாங்க."

போனால், ஃப்ரிட்ஜ் கொள்ளாமல் விராலும் கெண்டையும். காய்கறி டிரேயில்கூட ஒரு விரால் வளைந்து படுத்திருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் முத்தையா அண்ணன் காவல் நின்றார். "ரெண்டு மாசத்துக்கு வச்சுத் திங்கணும். யாருக்கும் ஒரு செதில்கூடக் கிடையாது. எப்படியாவது ஓட வச்சிருங்க."

கம்ப்ரசரில் கை வைத்தேன். சூடில்லை, அதிர்வில்லை. கரண்டு பார்க்கிற மீட்டரை வெளியே எடுக்காமலே பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்: "கம்ப்ரசர் போயிருச்சுண்ணே. மதுரையிலருந்து வரணும். மூணு நாளாகும்."

அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா உட்காரவில்லை. "மழையும் சாமி குடுத்தது, மீனும் சாமி குடுத்தது. நாறவிட்டா அடுக்காது" என்று வாசலில் நின்று தெருவையே கூப்பிட்டார். சட்டியோடு வந்தார்கள், குண்டானோடு வந்தார்கள், ஒருத்தர் பிள்ளையைக் குளிப்பாட்டும் பேசினோடு வந்தார். என்னமோ ஏதோ என்று நின்ற மினி பஸ்ஸில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும்கூட மீன். என் ஹெல்மெட்டிலும் இரண்டு கெண்டை விழுந்தது.

"எனக்கு ஒண்ணாவது வையி!" என்று அண்ணன் அலறினார். அதற்குள் எல்லாம் காலி.

கம்ப்ரசரைக் கழற்றலாம் என்று ஃப்ரிட்ஜை இழுத்தேன். பின்னால் பிளக் கழன்று தொங்கியது. மீனைத் திணிக்கிற வேகத்தில் அண்ணனே இடித்து நகர்த்தியிருக்கிறார். மாட்டினேன். ஃப்ரிட்ஜ் ஜம்மென்று ஓடியது.

தப்பித்து ஓடலாம் என்றால் ஹெல்மெட்டில் மீன். உண்மையைச் சொன்னேன். அண்ணன் கம்பைத் தேடினார். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவரை ஏன் அடிக்கப் போறீக? கெட்டுப்போகும்னாத்தான் நமக்குக் குடுக்க மனசு வருமா? சாமி நமக்கு அப்படியா குடுத்துச்சு?"

அண்ணன் கம்பு தேடுவதை விட்டார். மதியம் சாப்பிடத்தான் வாயைத் திறந்தார். ஏழெட்டு வீட்டிலிருந்து மீன்குழம்பு வந்திருந்தது.

எந்த ஃப்ரிட்ஜையும் தொடுமுன் கரண்டு வருகிறதா என்று பாருங்கள். தொழிலுக்கு அது போதும்.

மறுவருஷம் அண்ணனே கூப்பிட்டார். "ஃப்ரிட்ஜா அண்ணே?" என்றேன்.

"அது நல்லாத்தான் ஓடுது. மீனு புடிச்சாச்சு, எல்லாருக்கும் குடுத்துக்கிட்டிருக்கேன். வாரீகளா?"

போனதும் நாலு விரால் கொடுத்தார். இரண்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் என் வீட்டுக்குள் போனேன்.