வேப்பம்பூ உதிரும் மாதங்கள்

தச்சநல்லூரில் ஒரு வேப்பமரத்தடியில் என் இஸ்திரி வண்டி நிற்கிறது. பங்குனி பிறந்து மரம் பூத்துவிட்டால் எனக்குத் தும்மல் தொடங்கிவிடும். கண் அரிக்கும், மூக்கு அடைத்துக்கொள்ளும். பாளையங்கோட்டையில் பார்த்த டாக்டர், பூவிலிருந்து வரும் தூள்தான் காரணம், மரத்தை விட்டுத் தள்ளி இரும் என்றார். அந்தத் தெருவில் வேறு நிழல் இல்லை என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ராத்திரிக்கு ஒரு மாத்திரை, மூக்கை மூடி ஈரத்துண்டு, வீடு திரும்பியதும் குளியல். அப்படித்தான் கோடையை ஓட்டுகிறேன். துண்டு காய்ந்துவிட்டால் எல்லாம் வீண்.

போன சித்திரையில் திசையன்விளையிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பிடித்துப்போய் அன்றைக்கே தட்டு மாற்றிவிடலாம் என்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா தட்டைத் தூக்கி என் பக்கம் நீட்டியபோது நான் தும்மினேன். ஒற்றைத் தும்மல், அபசகுனம். இன்னொன்று வந்துவிடாதா என்று மூக்கைக் கசக்கினேன். வரவில்லை. அவர் தட்டைப் பைய கீழே வைத்துவிட்டார். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் கழித்து, ஜாதகம் சரிப்படவில்லை என்று தரகர் வந்து சொன்னார். என் மனைவி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இந்த வருஷம் இன்னொரு இடம் அமைந்தது. தட்டு மாற்ற அவர்கள் பார்த்த நாளும் சித்திரையிலேயே வந்தது. ஒரு மாதம் தள்ளிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முந்தின நாள் ராத்திரி ஒரு மாத்திரை போட்டேன். காலையில் எழுந்ததும் மூக்கு நமநமவென்றது. இன்னொன்று போட்டேன். அவர்கள் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது பயத்தில் மூன்றாவதையும் விழுங்கினேன். வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்துகொள்ளலாம் என்று, புதுச் சட்டை கசங்காதபடி பின்னறையில் பாயில் சாய்ந்தேன்.

கண் விழித்தபோது வெயில் மேற்கே இறங்கியிருந்தது. கூடத்தில் பாத்திரம் அடுக்கும் சத்தம். தலை நிறையப் பூவோடு மகள் வாசற்படியில் நின்றாள்.

"அவுக போயிட்டாகளா?" என்றேன்.

"போயிட்டாகப்பா. பெரியப்பாதான் தட்டு மாத்துனாக."

நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன். அவளே பேசினாள்.

"எழுப்பட்டுமான்னு கேட்டேன். தூங்கட்டும்ளா, அவன் இங்கன வந்து தும்மித் தொலச்சாம்னா என்ன செய்யன்னு பெரியப்பா சொன்னாக."

"ஒங்கம்மை என்ன சொன்னா?"

"அம்மா ஒண்ணும் சொல்லல."

என் அண்ணன் அப்படிச் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான் கிடக்க, அந்தப் பக்கம் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசியிருக்கிறார்கள். நான் எழுந்துவிடக் கூடாதே என்று.

"நல்லதுதான் தாயி. நல்லபடியா முடிஞ்சிச்சுல்லா," என்றேன்.

அவள் உள்ளே போய் எனக்கென்று எடுத்து வைத்திருந்த பாயசத்தைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்களாம், அவள் கையால் வைத்ததாம். எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

மூக்கடைப்பில் எனக்குச் சூடு மட்டும்தான் தெரிந்தது. அருமையாக இருக்கிறது என்று சொல்லி, முழுவதையும் குடித்தேன்.