பாறைக்கு அந்தப் பக்கம் கேட்ட பெயர்

பெரியம்மா லெபனானிலிருந்து வந்து பதினொரு நாளாகியும் அக்கா அவரை ஒருமுறைகூட அம்மா என்று கூப்பிடவில்லை. அம்மா என்று மட்டுமல்ல, எப்படியுமே கூப்பிடவில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். பெரியம்மா திரும்பிப் பார்க்கும்வரை நிற்பாள்.

அக்கா என் கூடப்பிறந்தவள் அல்ல, பெரியம்மாவின் ஒரே மகள். அவளுடைய அப்பா நான் பிறப்பதற்கு முன்பே இல்லாமல் போய்விட்டார். அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது பெரியம்மா அவளைத் தன் தங்கையான என் அம்மாவிடம் விட்டுவிட்டு, அங்கே ஒரு வீட்டில் வேலைக்குப் போனார். இரண்டு வருடத்தில் வருகிறேன் என்று போனவர் ஒன்பது வருடம் கழித்து வந்தார். அதற்குள் நான் பிறந்து, எட்டு வயதும் ஆகி, தன்னாமுனையில் எங்கள் வீட்டுப் பாயில் அக்காவுக்குச் சுவர்ப்பக்கம், எனக்கு அவளுடைய முதுகுப்பக்கம் என்று இடமும் பிரித்தாகிவிட்டது.

அக்கா என் அம்மாவைத்தான் அம்மா என்றாள். முதலில் முறையாகச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டாளாம். நான் பேசத் தொடங்கி அம்மா அம்மா என்று கத்தியதைக் கேட்டு, அவளும் ‘சின்ன’வை விட்டுவிட்டாள் என்று அப்பா சொல்வார். யாரும் திருத்தவில்லை. திருத்த வேண்டியவர் வெளிநாட்டில் இருந்தார்.

பெரியம்மா ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். வாசனைச் சவர்க்காரம், பிஸ்தாப் பருப்பு, நெஞ்சில் முத்து வைத்துத் தைத்த ஒரு ரோஸ் நிறச் சட்டை. சட்டை அக்காவுக்கென்று வாங்கியது. ஆனால் எனக்குத்தான் அளவாக இருந்தது. பெரியம்மா அதை என் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு அக்காவை மேலும் கீழுமாகப் பார்த்தார். அக்கா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். நான் அந்தச் சட்டையைக் கழற்றவே இல்லை.

வாழைச்சேனையில் பெரியம்மா புதிதாகக் கட்டியிருந்த வீட்டுக்கு அடுத்த திங்கட்கிழமை அக்காவும் போவதாகப் பேச்சு. பள்ளிக்கூடம் மாற்றும் கடிதம்கூட எழுதியாயிற்று. சாப்பிடும்போது அக்கா சோற்றைக் கோப்பையின் ஒரு பக்கமாக ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள். அதைப் பார்த்துத்தான் அப்பா, “ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சோடன எல்லாரும் கடலுக்குப் போவம்” என்றார். கடலுக்குப் போனால் மனிதர்களுக்குள் இருப்பதெல்லாம் சரியாகிவிடும் என்று அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை. அவருக்குச் சொந்தமாக ஓர் ஓட்டோ இருந்ததும் ஒரு காரணம்.

ஐந்து பேரும் சோற்றுப் பொதிகளுமாக ஓட்டோவில் நெருக்கிக்கொண்டு போனோம். வாழைச்சேனையில் அந்தப் புது வீட்டு வாசலில் அப்பா நிறுத்தினார். பெரியம்மா இறங்கிப்போய்க் கேற்றைத் திறந்துவிட்டு, ஒரு கையால் அதைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துச் சிரித்தார். அக்கா இறங்கவில்லை. கால் விறைத்துப்போயிற்று என்றாள். பெரியம்மா கேற்றைத் திரும்பச் சாத்தும் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாக அதைச் சாத்தினார்.

மாங்கேணி தாண்டியதும் தார் வீதியை விட்டு ஒரு மணல் பாதையில் இறங்கினோம். பனைகளும் தாழம் புதர்களும் முடிந்த இடத்தில் கடற்கரை இருந்தது. ஆனால் நான் அதுவரை பார்த்த கடற்கரைகளைப் போல் அது இல்லை. கரையிலிருந்து கடலுக்குள் கறுத்த பாறைகள் படுத்துக் கிடந்தன, எருமைகள் குளத்தில் கிடப்பதைப்போல. தண்ணீர் வற்றியிருந்த நேரம். பாறைகளுக்கு இடையில் இருந்த குழிகளில் எல்லாம் கடல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போன தண்ணீர் அசையாமல் நின்றது. ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு வானம். எங்களைத் தவிர அங்கே ஒரு ஆளும் இல்லை. தூரத்தில் ஒரு தோணியைப் புரட்டிவைத்துத் தார் பூசிக்கொண்டிருந்தவர் மட்டும் கையை உயர்த்தி, “பின்னேரம் தண்ணி ஏறும், பிள்ளைகளைப் பார்த்துக்கங்க” என்று அப்பாவிடம் சொன்னார்.

சாப்பிட்டபின் பெரியவர்கள் பூவரச மர நிழலில் சாய்ந்தார்கள். நானும் அக்காவும் குழி குழியாகப் பார்த்துக்கொண்டு போனோம். ஒன்றில் சங்கைச் சுமந்துகொண்டு நண்டுகள் நடந்தன. இன்னொன்றில் பூவைப்போல விரிந்திருந்த ஏதோவொன்று விரலால் தொட்டதும் வாயை மூடிக்கொண்டது. கண்ணாடி போன்ற சின்னஞ்சிறு மீன்களுக்கு உடம்பு தெரியவில்லை, நிழல் மட்டும் அடிமணலில் ஓடியது.

கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய பாறை இருந்தது. இடையில் கணுக்காலளவு தண்ணீர்தான். கடந்து அதன் பின்பக்கம் போனால் யாருக்கும் தெரியாது. அங்கே ஒரு குழி, எல்லாவற்றிலும் பெரியது, இரண்டு பேர் படுக்கலாம். வெயிலில் அதன் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. யோசனை என்னுடையதுதான்.

“இஞ்சயே ஒளிச்சிருப்பம் அக்கா. தேடித் தேடிக் களைச்சுப்போய், சரி, நீ எங்கயும் போகவேணாம் எண்டு சொல்லுவாங்க. அதுக்குப் பிறகு வெளியால வருவம்.”

அக்கா சட்டையோடு தண்ணீருக்குள் இறங்கிப் படுத்தாள். நானும் பக்கத்தில் படுத்தேன். காதுகள் தண்ணீருக்குள் போனதும் உலகம் எங்கோ போய்விட்டது. கடலின் சத்தம் பாறைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. மேலே ஒரு பருந்து சுற்றியது. அக்காவின் தலைமயிர் மிதந்து வந்து என் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் போனது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோம் என்று எனக்குத் தெரியாது. சில நாட்களில் இன்றைக்கும் அந்தக் குழிக்குள் கிடப்பதுபோலவே விழிப்பு வருகிறது.

குளிர்ந்த தண்ணீர் முகத்தில் அடித்தபோது எழுந்து உட்கார்ந்தேன். குழி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கரைப்பக்கம் எட்டிப் பார்த்தால், நாங்கள் கடந்து வந்த கணுக்காலளவுத் தண்ணீர் இப்போது பச்சையாக, நுரையோடு, உருண்டு போய்க்கொண்டிருந்தது.

கூப்பிடும் சத்தமும் கேட்டது. அப்பாவின் குரல் தோணிப்பக்கம் தூரத்தில் கேட்டது. அம்மா அக்காவின் பெயரையும் என் பெயரையும் மாறி மாறிக் கூப்பிட்டார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் வாயைப் பொத்தினாள். அவளுடைய உள்ளங்கை உப்பாக இருந்தது. பிறகு பெரியம்மா, “மகள்! மகளே!” என்றார். அக்காவின் கை இன்னும் இறுகியது. பெரியம்மா அவளைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டார். அக்கா கண்களை மூடிக்கொண்டாள். ஓர் அலை பாறைமேல் ஏறி எங்கள் இருவரையும் நனைத்துவிட்டுப் போனது. எனக்கு அழுகை வந்தது. விளையாட்டு போதும் என்று சொல்ல முடியாதபடி வாய் அவள் கைக்குள் இருந்தது.

அப்போதுதான் பெரியம்மாவின் குரல் மாறியது.

“யாரா!” என்று கத்தினார். “யாரா! யாரா!”

அதன் பிறகு எனக்கு விளங்காத ஏதோ பாஷையில், மூச்சு வாங்காமல், கெஞ்சுவதுபோல எதையெதையோ சொன்னார். மறுபடியும் யாரா என்றார். எனக்கு அந்த நேரத்திலும் ஆச்சரியமாக இருந்தது. எங்களைத் தேடுகிறவர் எதற்காக யார் யார் என்று கேட்கிறார்? எங்கள் பக்கத்தில் ஆரு என்றுதானே கேட்பார்கள்? வெளிநாட்டில் இருந்து பெரியம்மாவுக்குப் பேச்சே மாறிவிட்டது என்று நினைத்தேன்.

அக்காவின் கை என் வாயிலிருந்து தானாக விழுந்தது. கண்களைத் திறந்து கொஞ்ச நேரம் அந்தக் குரலைக் கேட்டாள். பிறகு பாறையைப் பிடித்து ஏறி, உச்சியில் எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கினாள்.

“அம்மா! இஞ்ச இருக்கன் அம்மா!”

நானும் அவள் பின்னால் ஏறினேன். கரையில் நின்ற என் அம்மா, “என்ட மகள்!” என்று தண்ணீருக்குள் இரண்டடி ஓடி வந்தார். வந்தவர் அக்கா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பதைக் கண்டதும் அப்படியே நின்றார். அதற்குப் பிறகுதான் என் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினார். அதுவரை என்னை மறந்துபோயிருந்தார் என்று எனக்குக் கோபம்.

பெரியம்மாவுக்கு நீந்தத் தெரியாது. ஆனாலும் அவர் ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தார். இடுப்பு, பிறகு நெஞ்சு. ஓர் அலை அவரைப் பாறையோடு மோத வைத்தது. எழுந்தார். இன்னொன்று மோதியது. பாறையின் சிப்பிகளில் இரண்டு கையையும் ஊன்றி அவர் ஏறி வந்தபோது முழங்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் அக்காவைக் கட்டிப்பிடிக்கவில்லை. தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்த்தார், எங்கேயாவது ஏதாவது குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. அக்கா ஆடாமல் நின்றாள். அப்பாவும் தோணிக்காரரும் கயிற்றோடு ஓடிவந்து எங்களை ஒவ்வொருவராகக் கரைசேர்த்தார்கள். அம்மா எனக்கு முதுகில் ஒன்று வைத்தார். அக்காவை யாரும் அடிக்கவில்லை. ரோஸ் நிறச் சட்டையின் முத்துகளில் பாதி கடலுக்குப் போய்விட்டன.

திங்கட்கிழமை அக்கா வாழைச்சேனைக்குப் போனாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. தன் புத்தகங்களைத் தானே அடுக்கினாள்.

அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். போன வருடம் அவள் வீட்டில் நான் நின்றபோது பெரியம்மாவின் கைபேசி அடித்தது. திரையில் ஓர் இளம்பெண், கலியாண உடையில். பெரியம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்து அவளோடு அரபியில் பேசினார். ஆரு அது என்று அக்காவிடம் கேட்டேன்.

“அதுதான் யாரா. அம்மா அங்க வளர்த்த பிள்ளை. பிறந்த நாள்ல இருந்து அம்மாதான் தூக்கினவ.”

எனக்கு அந்தப் பாறை ஞாபகம் வந்தது. “அண்டைக்கு உனக்குத் தெரியுமா, அது ஒரு பிள்ளையிட பேரெண்டு?”

“தெரியாம என்ன? படமெல்லாம் அனுப்பியிருந்தாதானே. அந்தப் பேரைக் கேட்டாலே எனக்குப் பத்தி எரியும் அப்ப.”

“பிறகு ஏன் நீ பதில் சொன்னனீ?”

அக்கா அடுப்பில் இருந்ததைக் கிண்டினாள். “ஒரு தாய் அப்பிடிக் கூப்பிடக்குள்ள சும்மா இருக்க ஏலுமா?” என்றாள்.

எட்டு வயதில் எனக்கு இது எதுவும் விளங்கவில்லை. அன்று திரும்பி வரும் வழியில் நான் அக்காவோடு பேசவில்லை. ஒளித்துப் பிடிக்கிற விளையாட்டில் முதலில் வாய் திறந்தவள் தோற்றவள். நான் அழுதுகொண்டுகூட வாயைத் திறக்கவில்லை, அவள் திறந்துவிட்டாள். ஓட்டோவின் ஆட்டத்தில் பெரியம்மாவின் ஈர மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் கிடந்தாள். தோற்ற வெட்கத்தில்தான் அப்படிக் கிடக்கிறாள் என்று நினைத்து, ஏறாவூர் வரும்வரை நான் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.