மாமனார் வீட்டில் நடந்த சோதனை

என் அக்காள் கணவர் அடைக்கலராஜ், வைரஸ் தடுக்கும் சாஃப்ட்வேர் செய்யும் சென்னைக் கம்பெனியில் பெரிய ஆள். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். 2014இல் அந்த சாஃப்ட்வேரைப் புதிதாக வடிவமைத்தார்கள். அதைச் சாதாரண மக்களிடம் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துவரும் வேலை இவருக்கு. ஊர் ஊராக அலைய வேண்டியவர் நேராகத் திண்டிவனம் வந்து, மாமியார் வீட்டில் காலை நீட்டிவிட்டார்.

எங்கள் போட்டோ ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் அதைப் போட்டு, அப்பாவைப் பென் டிரைவ் ஒன்றைச் செருகச் சொன்னார். திறக்கலாமா, தடுக்கலாமா என்று திரை கேட்டது.

"எத அமுக்கணுங்க மாப்ள?" என்றார் அப்பா.

இவர் விரலால் காட்டினார். அப்பா அமுக்கிவிட்டு, "சூப்பரா இருக்குதுங்க!" என்றார். மாப்பிள்ளை கொண்டுவந்ததை எந்த மாமனார் குறை சொல்வார்? அம்மாவும் சித்தியும் அப்படியே அமுக்கி, அப்படியே புகழ்ந்தார்கள். ஒருவர்கூடத் தடுமாறவில்லை என்று ஆபீசில் சொல்லிப் பதவி உயர்வு வாங்கினார் மனிதர்.

அடுத்த மாதம் ஒரு வாடிக்கையாளர் பென் டிரைவோடு வந்தார். திரை அதே கேள்வியைக் கேட்டது. காட்டத்தான் விரல் இல்லை. அப்பா ஏதோ ஒன்றை அமுக்க, வைரஸ் புகுந்து கல்யாணப் படங்கள் அத்தனையும் போயின.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த மாப்பிள்ளையிடம், "நீங்க பக்கத்துல குந்திக்கினு இருந்தா ஆயிருக்காதுங்க. நான்தான் மாத்தி அமுக்கிட்டேன்," என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

"வுடுங்க மாமா, வயசானா அப்படித்தான்," என்று அவர் பெரிய மனதோடு மன்னித்தார்.

அன்றைக்கும் நல்லி எலும்பு அவர் இலைக்குத்தான் போனது. பரிமாறியவன் நான்.