கழுவிவிட்ட மருந்து

ஊருக்கு உழைச்ச மகராசின்னு என்னையச் சொல்றாங்க. அட போங்கப்பா! நான் செஞ்சதெல்லாம் பயத்துல செஞ்சது.

அப்ப நாங்க வில்லாபுரத்துல இருந்தோம். மூத்தவளுக்கு அஞ்சு வயசு, சின்னவ கைக்குழந்தை. அம்மை குத்துறவர் சைக்கிள் தெருவுக்குள்ள வந்தாலே எங்களுக்குப் பயந்தான். குத்திக்கிட்டா மாரியாத்தா கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்குவான்னு நம்பினோம். ஆனா அவரு சர்க்கார் ஆளு, எதிர்த்துப் பேச முடியாது. அதனால சிரிச்ச முகமா பிள்ளைகளை நீட்டுவோம். அவர் தெருமுனை திரும்பினதும் மஞ்சத் தண்ணியால மருந்தைக் கழுவிவிட்டுருவோம்.

அன்னிக்கும் அப்படித்தான். "ஏத்தா, காயுறதுக்குள்ள கழுவு!"ன்னு எதிர்வீட்டு மதினி கத்தினாங்க. மூத்தவளைப் பிடிச்சு கை செவக்கச் செவக்கத் தேய்ச்சுக் கழுவினேன். சின்னவ அழுது அழுது என் மாருலயே தூங்கிட்டா. எழுப்பினா மறுபடி வீல்னு கத்துவாளேன்னு கழுவாம விட்டுட்டேன். அம்புட்டுத்தான். சத்தியமா வேற காரணம் இல்ல.

பங்குனி வெயில்ல மூத்தவளுக்குக் காய்ச்சல் கொதிச்சுது. மூணாம் நாள் நெத்தியில அம்மை முத்து. வாசல்ல வேப்பிலை சொருகினோம், தாளிக்கிறதை நிறுத்தினோம். கழுவச் சொன்ன மதினியே எங்க வாசலை ஒதுங்கித்தான் நடந்தாங்க. கண்ணுக்குள்ளயும் முத்து போட்டுருச்சு. "விளக்கை ஏம்மா அமத்துன?"ன்னு பட்டப்பகல்ல கேட்டா.

"தாயே, உனக்குப் பயந்துதானே கழுவினேன்? இப்படிப் பண்ணிட்டியே!"ன்னு வண்டியூர் மாரியம்மன் கோயில் இருக்கிற திக்கைப் பார்த்து அலறினேன். மறுநிமிஷமே, ஐயோ, ஆத்தாளையே வைஞ்சுட்டேனே, பிள்ளையை எடுத்துக்குவாளோன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன். அதே பாயில உருண்டு கெடந்த சின்னவளுக்கு ஒரு முத்துகூட இல்ல. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு விளங்குச்சு. யார்கிட்டயும் வாயைத் திறக்கலை. என் வீட்டுக்காரர்கிட்டகூட.

ஆத்தா இறங்கினா, தலைக்குத் தண்ணி ஊத்தினோம். உசுரு தங்குச்சு. ரெண்டு கண்ணும் போயிருச்சு.

அதுக்கப்புறம் அம்மை குத்துறவர் எப்ப வந்தாலும் அவருக்கு முன்னால நான் நடப்பேன். அவனியாபுரம் வரைக்கும் வீடு வீடாப் போய், பிள்ளைக கை காயுற மட்டும் எந்திரிக்க மாட்டேன். "உனக்கு வேற சோலி இல்லையாடி?"ன்னு வைவாங்க. வையட்டும். அம்மை கண்ட வீட்டுக்குள்ள யாரும் போகாதப்ப நான் கஞ்சி கொண்டு போவேன். வெள்ளிக்கிழமை தவறாம ஆத்தாளையும் கும்பிடுவேன். ஏன் இப்படி அலையுறேன்னு ஒரு வீட்டுலயும் சொன்னதில்ல. சொன்னா அது எப்படியாவது மூத்தவ காதுக்கு வந்துரும்.

அவளுக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு நாள், தங்கச்சிக்குத் தலை பின்னிவிட்டுக்கிட்டு இருந்தா. தங்கச்சி தோளுக்குக் கீழ பட்டதும் அவ விரல் நின்னுச்சு.

"அம்மா, இவ கையில வட்டமாக் குழி இருக்கே. என்னது?"

"அம்மை குத்தின தழும்பு தாயி."

"எனக்கு ஏம்மா இல்ல?"

"அவர் வந்தன்னிக்கு நீ அம்மாச்சி வீட்டுல இருந்தடா கண்ணு"ன்னேன்.

"இல்லம்மா, நான் இங்கதான் இருந்தேன்"ன்னு சிரிச்சா. "எனக்கு வலிக்குதுன்னு நீதானே மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவிவிட்ட?"

சொல்லிட்டு, தங்கச்சி தலையைத் திருப்பி அடுத்த சடையைப் பின்ன ஆரம்பிச்சா.