கல்வெட்டில் அப்பா வேண்டாம் என்ற பட்டம்

அப்பா இல்லாத முதல் வருடத்தை எப்படியோ கடந்துவிட்டோம். கோயில் திருப்பணி, கண் சிகிச்சை முகாம் என்று அவர் செய்த தர்மங்களை அண்ணன் இந்த நினைவு மலரின் முன்பக்கங்களில் எழுதியிருக்கிறார். அத்தனையும் உண்மை. நான் எழுதுவதும் உண்மைதான், அம்மாவிடம் படித்துக் காட்டி அனுமதி வாங்கியே எழுதுகிறேன்.

மூலனூர் பக்கம் ஒரு வானம் பார்த்த காட்டில் பிறந்தவர் அப்பா. மழை ஏமாற்றவே திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் கட்டிங் பழகினார். ராயபுரத்தில் வாடகைக் கட்டடத்தில் சொந்தத் தொழில் தொடங்கினார். கோபக்காரர், ஆனால் தீபாவளி போனஸை ஒரு வருடமும் இழுத்தடித்ததில்லை. தொழில் வளர்ந்து சாயப்பட்டறையும் வைத்தார். மழை பிடிக்கும் நேரம் பார்த்துச் சாயத் தண்ணீரை ஓடையில் திறந்துவிடும் பழக்கம் அப்போது பலரிடம் இருந்தது. அப்பாவும் திறந்துவிட்டார். ஓடைக்குக் கீழே இருந்த ஊரில் கிணறுகள் கெட்டன, தென்னைகள் காய்ந்தன. சட்டத்தின் கெடுபிடி வந்த பிறகுதான் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்.

பின்னாளில் அதே ஊர்ப் பள்ளிக்குப் புதுக் கட்டடமும் கட்டிக் கொடுத்தார். திறப்பு விழாக் கல்வெட்டில் அப்பா பெயருக்கு முன்னால் 'கொடை வள்ளல்' என்று போடுவதாக விழாக் குழுவினர் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு அப்போதே உடம்பு தளர்ந்திருந்தது. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு காலையில் என்னிடம், "என்னை அந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போ கண்ணு" என்றார். "இப்பப் போயி எதுக்குங்ப்பா கிளறிக்கிட்டு?" என்று அண்ணன் தடுத்தார். அப்பா கேட்கவில்லை.

ஓடையை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அக்காவின் வாசலில் காரை நிறுத்தச் சொன்னார். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"அம்மணி, உங்க கிணத்தைக் கெடுத்ததுல எனக்கும் பங்கிருக்குது. இப்ப வள்ளல்னு கல்லுல போடறங்கறாங்க. அது உங்களுக்குச் சரியாப் படுதுங்களா?"

"ஏனுங்ணா, இத்தனை வருசம் கழிச்சுத்தான் கேக்கோணும்னு தோணுச்சுங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"பள்ளிக்கூடம் நல்லா இருக்குதுங்க. என்ற பேத்தி அங்கதான் படிக்கறா. அதுக்கு உங்களைக் கும்பிட்டுக்கறனுங்க. ஆனா அதைக் கொண்டாந்து என்ற கிணத்துக்கு ஈடு வெக்காதீங்க. அது வேற, இது வேறங்க. வள்ளல்னு போட்டா நான் விழாவுக்கு வரமாட்டனுங்க. வெறும் பேரைப் போடுங்க, வர்றன்."

"போடச் சொல்லிடறனுங்க" என்றார் அப்பா.

திரும்பும் வழியெல்லாம் அப்பா காற்று வர ஜன்னலை இறக்கி வைத்துக்கொண்டு வந்தார். "பொன்னாடை போத்தறவங்ககிட்ட இதையெல்லாம் கேக்க முடியுமா கண்ணு?" என்றார். அன்று தயிர்ச்சோறு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்பாவை நேசிக்க எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

விழா முடிந்த சில வாரங்களில் தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டார்.

அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், கம்பெனியை மூடிவிட்டு மயானம் வரை நடந்து வந்த உள்ளூர், வடமாநிலத் தொழிலாளர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அந்த அக்காவுக்கும் நன்றி. அவர் கிணற்றுத் தண்ணீரை இன்றும் வாயில் வைக்க முடியாது. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. விழாவன்று மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த அப்பா கூட்டத்தையே துழாவிக்கொண்டிருந்தார். பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அக்கா உள்ளே நுழைந்ததும், அருகில் நின்றிருந்த என் பக்கம் சாய்ந்து, "வந்துட்டாங்க கண்ணு" என்றார்.